இரண்டு பறக்க, ஒன்று தின்ன

ஹட்டனில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
பெயர்ப்பலகை இன்னும் முடியவில்லை,
'எயார்' காய்ந்துவிட்டது, மீதி நாளைக்கு.
வெளியே பதுளை ரயில்
சத்தமாக மட்டும் போகிறது,
பெட்டிகளை மூடுபனி வைத்துக்கொண்டது.

மேசையில் இரண்டு விமானம், காகிதத்தில்.
ஒன்று புதுசு. வெளியே விசிறி சுற்றும்.
வரிசையில் நின்றால் நாலு வருசத்தில் வரும்.
மற்றது ஜெட்.
அதன் கடைசித் தம்பியைக் கட்டி முடித்துத்
தொழிற்சாலையைப் பூட்டி இருபது வருசத்துக்கு மேல்.

"பழசுண்டா என்ன தங்கச்சி,
ஓடுதா இல்லையா?"
என்றார் இஃப்திகார் முதலாளி.
மஸ்கெலியா, பொகவந்தலாவை, நல்லதண்ணி என்று
பதினாறு பஸ் விடுகிறவர்.

கணக்குப் பார்க்கும் பிலோமினா
தாளைத் திருப்பாமலே சொன்னாள்:
"குத்தகை மலிவு. எண்ணெய் மலிவில்ல.
நாலு இன்ஜின், நாலு வாய்."

உண்மைதான். ஆனால்
நாங்கள் இறங்கப்போகும் ஓடுபாதைகள் குட்டை.
இது குட்டையில் இறங்கும்.
வால்நுனி இரண்டாகப் பிளந்து
காற்றைப் பிடித்து நிற்கும்,
ஈரச் சரிவில் கொழுந்துக்கூடையோடு இறங்குகிறவள்
குதிகாலை ஊன்றுவாளே, அப்படி.

போன மாதம் பார்த்துவிட்டு வந்தேன்.
பாலைவனத்தில் பதினொன்று நின்றன.
ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள்,
இன்ஜின் இருந்த இடத்தில் வெறும் கம்பிகள்.
ஒன்றின் விலாவில் பழைய கம்பெனியின் பெயர்
சுரண்டிய பிறகும் வாசிக்க முடிந்தது.
பதினாலாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.
கைப்பிடிக்கு அடியில் யாரோ ஒட்டிய சுவிங்கம்
கல்லாகியிருந்தது.

"மூன்று எடுப்போம்" என்றேன்.
"இரண்டு பறக்க.
ஒன்று தின்ன."

"தின்னவா?"

பிரேக்கு, எண்ணெய்க் குழாய், கதவு ரப்பர்,
கழிவறைத் தாழ்ப்பாள் வரைக்கும்.
எந்தக் கடையிலும் இல்லாததெல்லாம்
மூன்றாவதின் உடம்பில் இருக்கிறது.

முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார்.
அவருடைய கினிகத்தேனை வளவில்
அப்படியொரு பஸ் நிற்கிறதாம்.
அது ஊட்டி வளர்த்த பஸ் நாலு.
சில்லு இல்லை, சீட்டு இல்லை, ஹோர்ன் மட்டும் இருக்கிறது.
"அதுக்கு இன்னமும் இன்சூரன்ஸ் கட்டுறன்."

பிறகு அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன்.
வகைச் சான்றிதழ்.
கட்டியவன் கைவிட்டாலும்,
எங்கோ ஒரு கம்பெனி அதை
அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் வரை
அந்த ஜாதி விமானம்
சட்டப்படி வானத்துக்குச் சொந்தம்.
தாள் போனால் இரும்பு.

பிலோமினா பேனாவை மூடினாள்.
"பரவாயில்லயே.
எங்கப்பாவுக்கு அந்தத் தாள்
முப்பத்தொன்பது வயசுலதான் கெடைச்சிச்சு.
பொறந்தது இங்க, டிக்கோயாவுல."

தேத்தண்ணி கொண்டுவந்த பையன்
யாரிடம் முதலில் நீட்டுவதென்று தெரியாமல்
நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

இரவு, மூன்று பதிவேட்டையும் திறந்துவைத்தேன்.
எதைத் தின்பது?
ஓட்டையைத் தின்ன முடியாது என்பதுதான் சங்கடம்.
நல்ல இன்ஜின், நல்ல சக்கரக்கால்
எதில் இருக்கிறதோ அதைத்தான் அறுக்க வேண்டும்.
இரண்டாவதில் இருந்தது.
மூன்றில் அதுதான் குறைவாகப் பறந்தது.
கடைசிப் பக்கத்தில் ஒரு விமானி
பச்சை மையில் எழுதியிருக்கிறார்:
குறை எதுவும் இல்லை.

எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன்.
மை கொஞ்சம் ஊறியது. ஹட்டனில் காகிதம்கூட
ஈரமாகத்தான் இருக்கும்.

காலையில் பெயர்ப்பலகைக்காரன் மாடியேறி வந்தான்,
விரலெல்லாம் நீலம்.
எழுத்துக்குப் பக்கத்தில் பிளேன் வரையச் சொன்னீங்களே,
ரெண்டா, மூணா?

பிலோமினா என்னைப் பார்த்தாள்.
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"மூணு" என்றார் முதலாளி,
படியிறங்கிக்கொண்டே.